கெடார் அம்மா லைன்ல இருக்காங்க

சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏழு மணி வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். இது எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஒரு முறை சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். பாய் போட்டேன், சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், ரேடியோவைக் கையால் காட்டிவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். கபடியைப் பற்றி யாரோ யாரிடமோ சண்டை போடுவதை அவர்களும் ஒரு மணி நேரம் கேட்டார்கள். போகும்போது அவர்களில் ஒரு பெரியவர், "யம்மா, நீ கல்யாணத்துக்கு வராட்டியும் பரவால்ல, இந்த ரேடியோவ மட்டும் தூக்கிக்கினு வந்துடாத" என்றார். நான் போனேன். ரேடியோவையும் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அந்த நிகழ்ச்சி திண்டிவனத்திலிருந்து வருகிறது. அதில் சினிமாப் பாட்டு கிடையாது. விளையாட்டைப் பற்றிய பேச்சுதான். கபடி, வாலிபால், கிரிக்கெட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயம், எல்லாவற்றையும் பேசுவார்கள். நடத்துகிறவர் ஒரு காலத்தில் தானே கபடி ஆடி முட்டியை உடைத்துக்கொண்டவர். கேப்பை அரைக்கிற கல் மாதிரி குரல் அவருக்கு. கேட்கிறவர்கள் போன் போட்டுப் பேசலாம். யாருடைய பேரையும் சொல்லமாட்டார், ஊர்ப் பேர்தான் சொல்லுவார். பேர் சொன்னால் ஜாதி தெரியும், ஜாதி தெரிந்தால் ஆட்டம் கெடும் என்பது அவர் கணக்கு. அப்படித்தான் நான் கெடார் அம்மா ஆனேன். கரும்பு லாரி ஓட்டுகிற ஒருவர் திருவெண்ணெய்நல்லூர் அண்ணன் ஆனார். அவருக்கும் எனக்கும் ரேடியோவில் ஆகவே ஆகாது. நான் நல்லாட்டம் என்றால் அவர் பொய்யாட்டம் என்பார்.

"கெடார் அம்மா மல்லாட்ட ஒடச்சிக்கினு ஆட்டம் பாக்கறவங்க. அவங்களுக்கு தரையில கால் வெச்சி ஆடறவன் கஷ்டம் இன்னா தெரியும்?" என்று ஒரு நாள் சொன்னார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.

"நீ லாரில குந்திக்கினு பாக்கற, நான் வூட்ல குந்திக்கினு கேக்கறேன். ரெண்டு பேர் காலும் தரையில இல்ல, வுடு தம்பி" என்றேன். நடத்துகிறவர் சிரித்த சிரிப்பில் ரேடியோ அதிர்ந்தது.

எனக்கு எழுத்து அதிகம் கிடையாது. பஸ்ஸு போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ்ஸு போய்விடும். ஆனால் கபடி தெரியும். பிறந்த வீட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகளம். பொம்பளைப் பிள்ளைகள் அங்கே போய் நிற்கக்கூடாது. நான் சாணி அள்ளிக்கொண்டே கேட்பேன். எதிர்க் களத்துக்குள் பாடிப் போகிறவன் 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு, அந்த மூச்சு அறுவதற்குள் கோட்டைத் தாண்டி வரவேண்டும். நடுவில் மூச்சு விட்டால் அவுட்டு. எவன் மூச்சு எங்கே அறும், எவன் திருட்டுத்தனமாக நடுவில் ஒரு மூச்சு இழுப்பான் என்பதெல்லாம் எனக்கு வேலிக்கு இந்தப் பக்கத்திலேயே தெரியும்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சத்தம் வேண்டுமென்று அவர் வாங்கிவைத்த ரேடியோவைப் போட்டேன். மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஆட்டத்தில் ஒருத்தன் மூச்சு விட்டானா இல்லையா என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தின் சத்தத்தைப் போட்டும் காட்டினார்கள். "வுட்டான்டா, ரெண்டாவது ஆள தொடறதுக்கு முன்னாடியே வுட்டுட்டான்" என்று நான் ரேடியோவுக்குப் பதில் சொன்னேன். ரேடியோ கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நம்பர் போட்டுத் தரச் சொன்னேன். அன்றைக்குப் பிடித்ததுதான். எத்தனை வருஷம் ஆனது என்று நான் எண்ணி வைக்கவில்லை. ரேடியோ இரண்டு மாறிவிட்டது.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் ஒரு போட்டி வைத்தார். எங்கேயாவது பதிவு செய்த ஒரு கபடிப் பாட்டை மூன்று தடவை போட்டுக் காட்டுவார். மூச்சு அறுந்ததா, அறுந்தால் எந்த இடத்தில் என்று கேட்கிறவர்கள் சொல்லவேண்டும். முதலில் பலபேர் பேசுவார்கள். கடைசியில், "கெடார் அம்மா லைன்ல இருக்காங்க, கேட்டுடலாம்" என்பார். நான் சொல்லுவேன். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. லாரிக்காரரும்கூட, "மூச்சுல மட்டும் அந்தம்மாவ அடிச்சிக்க முடியாது" என்று ஒத்துக்கொள்வார். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

என் மகனுக்கு இது பிடிக்காது. அவன் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். லீவு நாளில் சுற்றுப்பட்டு ஊர்களில் கபடிக்கு நடுவராகப் போவான். எந்த ஊரிலும் அவன் விசிலுக்கு எதிர்ப்பேச்சு இருந்ததில்லை. அவனும் அந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவன்தான்.

"ஆட்டமே பாக்காத நீ ஆட்டத்துக்குத் தீர்ப்பு சொல்ற. டீக்கடைல எல்லாம் கெடார் அம்மா, கெடார் அம்மான்றான். அது எங்கம்மான்னு நான் சொல்லிக்கறதே இல்ல" என்பான்.

"ஏன்டா, அவமானமா?"

"அவமானம்னு இல்ல. பேஜாரு. நான் ஒண்ணு ஊதி, நீ ஒண்ணு சொல்லிட்டீனா இன்னா பண்றது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

பொங்கல் கழிந்து கூட்டேரிப்பட்டில் கபடிப் போட்டி நடந்தது. அது என் மருமகளுக்குப் பிறந்த ஊர். மகன் மாப்பிள்ளையாகத்தான் போயிருந்தான், நடுவராக இல்லை. மத்தியானம் மாமியார் வீட்டில் கறிச்சோறு. கடைசி ஆட்டம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் திருவெண்ணெய்நல்லூர்ப் பிள்ளைகளுக்கும். ஊதவேண்டிய நடுவர் வருகிற வழியில் வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். விழா நடத்துகிறவர்கள் மகனிடம் வந்து நின்றார்கள். என் மாமனார் ஊர் ஆடுகிறது, நான் ஊதக்கூடாது என்று இவன் சொல்லியிருக்கிறான். "மாப்ள, நம்மூர்ல வந்து முடியாதுன்றீங்களே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். மாமனார் ஊரில் மாப்பிள்ளை எதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியுமா? எதிர்த் தரப்புப் பிள்ளைகளே, "சாரு ஊதட்டும், அவரு ஒழுங்கானவரு" என்றார்களாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அன்றைக்கு நம் ரேடியோக்காரரும் அங்கே போய் நேராக ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுக்கோட்டு ஓரத்தில் கம்பம் நட்டு மைக்கைக் கட்டியிருந்தார்கள். "விழுப்புரத்து வாத்தியாரு, இந்த ஊரு மாப்பிள்ளை, அவருதான் இன்னிக்கு நடுவரு" என்று அவர் சொன்னபோது நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ரேடியோவைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு வந்தது. திருவெண்ணெய்நல்லூர் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. அவர்கள் பக்கத்துப் பையன் ஒருவன் பாடிப் போனான். மேளம் ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம், அதற்கு நடுவில் அவன் மூச்சு மெல்லிசாக, வண்டு பறக்கிற மாதிரி வந்தது. ஒருவனைத் தொட்டான். இன்னொருவனைத் தொட்டான். காலைப் பிடித்துவிட்டார்கள். இழுத்துக்கொண்டே வருகிறான், அந்த வண்டுச் சத்தம் நிற்கவே இல்லை. கோட்டுக்குக் கை எட்டுகிற நேரத்தில் நடுவரின் விசில் கேட்டது.

"பாட்டு நின்னு போச்சுன்றாரு! நடுவரு பாட்டு நின்னு போச்சுன்றாரு! கூட்டேரிப்பட்டு ஜெயிச்சிருச்சி!" என்று கத்தினார் நம்மவர். வெடிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாட்டு நிற்கவில்லை. எனக்குத் தெரியும்.

மறுநாள் ஆறு மணிக்கு ரேடியோவில் வேறு பேச்சே இல்லை. முதல் ஆளாக லாரிக்காரர்தான் வந்தார். "மத்தியானம் மாமியார் வூட்ல கறிச்சோறு, சாயங்காலம் மாமியார் ஊருக்கு விசிலு. வாங்கித் தின்ன சோத்துக்கு ஊதிட்டாரு வாத்தியாரு" என்றார். அடுத்தடுத்துப் பேசினவர்கள் எல்லோரும் அந்தக் கறிச்சோற்றையே பிசைந்தார்கள். ஒருவர், இனிமேல் இந்த ஆளை எந்த ஊரும் நடுவராகக் கூப்பிடக்கூடாது என்றார். இன்னொருவர் பள்ளிக்கூடத்திலேயே புகார் கொடுக்கவேண்டும் என்றார். இத்தனை வருஷம் என் வீட்டுக்குள் வந்துபோன குரல்கள். யாருக்கு எப்போது இருமல் வரும் என்பதுகூட எனக்குத் தெரியும். அவர்கள் என் மகனைத் திருடன் என்றார்கள். நான் என் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தத் தோன்றவில்லை. நிறுத்திவிட்டால் மட்டும் அவர்கள் பேசாமல் இருக்கப்போகிறார்களா?

புதன்கிழமை நடத்துகிறவர் சொன்னார்: "எல்லாரும் சண்ட போட்டுக்காதீங்க. அந்தப் பாட்டு நம்மகிட்ட பதிவு இருக்குது. சனிக்கிழமை போடறோம். கெடார் அம்மா சொல்லட்டும். அவங்க சொன்னா எல்லாரும் ஒத்துக்கறீங்களா?" லாரிக்காரர், "அந்தம்மா நின்னுச்சின்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் கேட்டதில்லையே, இப்போது மட்டும் எதற்குக் கேட்பார்?

வியாழக்கிழமை பகலில் மகன் வந்தான். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் அவன் வருவதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"சாப்புட்டியாடா?"

"சோத்துப் பேச்சே எடுக்காத. ஊரே என் சோத்ததான் பேசுது."

உள்ளே வந்து உட்கார்ந்தான். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை.

"அன்னிக்குக் கேட்டியா?"

"கேட்டேன்."

"நின்னுச்சா?"

கல்லைத் தேடினேன். அந்த அரிசியில் கல்லே இல்லை.

"யம்மா, ஒன்னதான் கேக்கறேன்."

"நிக்கலடா."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். "வாயி மூடியிருந்துச்சும்மா. நான் கிட்டப் பாத்தேன். ஒதடு அசையவே இல்ல. மோளம் அடிக்கறான், வெடி போடறான், பக்கத்துல நிக்கறவன் கத்தறது எனக்குக் கேக்கல. ஒதட்ட பாத்துதான் ஊதுனேன்."

"பல்லக் கடிச்சிக்கினு பாடியிருக்கான். சத்தம் மூக்கால வருது."

"கெடார்ல குந்திக்கினு இருந்த ஒனக்கு அது கேட்டுச்சி. பக்கத்துல நின்ன எனக்குக் கேக்கல" என்று சிரித்தான். அது சிரிப்பு இல்லை.

"அத்த அப்படியே போன் போட்டுச் சொல்லேன். மோளத்துல கேக்கல, தப்பாப்பூட்டுதுன்னு."

"தப்புன்னு நான் சொன்னா, பாத்தியா ஒத்துக்கினான், கறிச்சோத்துக்குத்தான் ஊதுனான்னு சொல்லுவானுங்க. மோளத்துல கேக்கலன்னு சொன்னா, எவனும் நம்பமாட்டான்."

"அப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

"நின்னுச்சின்னு சொல்லிடு. நீ சொன்னா முடிஞ்சிது. ஒரு வார்த்த. ஒன்ன எல்லாரும் நம்பறாங்க."

"நம்பறாங்க, அதான்டா சொல்ல முடியல."

"அப்ப போன எடுக்காத. ஒடம்பு சரியில்லன்னு இருந்துடு. எதுனா ஒண்ணு பண்ணு, நிக்கலன்னு மட்டும் சொல்லிடாத." எழுந்துகொண்டான். "நான் ஒன் புள்ள. ரேடியோல பேசறவனுங்க ஒனக்கு ஆருன்னே தெரியாது."

நான் "பாக்கலாம்" என்றேன். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ. சாப்பிடாமல் போனான்.

வெள்ளிக்கிழமை மருமகள் போன் செய்தாள். அவள் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள். "அத்தை, இவரு பேசறதே இல்ல. பசங்க பள்ளிக்கூடத்துல கறிச்சோறு சார்னு பேர் வெச்சிட்டாங்களாம். அது எங்கம்மா அடுப்புல வெந்து ஆக்குன சோறு, அத்தை. வந்த மாப்பிள்ளைக்குச் சோறு போடாம அனுப்புவாங்களா? அதப் போயி லஞ்சம்னு சொல்றாங்க" என்று அழுதாள். பிறகு, "நீங்க எதுனா பேசுங்க அத்தை, சும்மா மட்டும் இருந்துடாதீங்க" என்றாள்.

மகன் பேசாதே என்கிறான், மருமகள் பேசு என்கிறாள். ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். படுத்தால் தூங்குகிற உடம்பு என்னுடையது. ஆனால் சனிக்கிழமை மல்லாட்டைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே யோசித்தேன். நின்றது என்று பொய் சொன்னால் மகன் பிழைப்பான். ஆனால் என்றைக்காவது ஒரு நாள், அந்த அம்மா அவனுக்குத் தாய் என்பது வெளியே வராமல் போகுமா? அன்றைக்கு இரண்டு பேரும் திருடர்கள். பேசாமல் இருந்தால் கறிச்சோறு அப்படியே நிற்கும். நிற்கவில்லை என்பதை என் வாயாலேயே சொல்லி, அவன் என் பிள்ளை என்றும் சொல்லிவிட்டால்? பெற்ற பிள்ளையின் தப்பையே மறைக்காதவள் அவன் சோற்றுக்கு ஊதவில்லை என்று சொன்னால் நம்புவார்கள். எனக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது. கொல்லையை விட்டு வரும்போது முடிவு செய்துவிட்டேன். அவனுக்குப் போன் போட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பான்.

சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். போனில் பேசும்போது ரேடியோவை அணைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். அணைத்தேன். வீடு அமைதியாகிவிட்டது.

"கெடார் அம்மா லைன்ல இருக்காங்க. யம்மா, மூணு வாட்டி போடறேன், நிதானமா கேளுங்க."

போட்டார். போனிலும் அந்த வண்டுச் சத்தம் தெளிவாக வந்தது. மூன்று தடவையும் விசில் வரைக்கும் அறவில்லை.

"சொல்லுங்கம்மா."

"நிக்கல தம்பி."

அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். லாரிக்காரர் லைனில் இருந்திருக்கிறார் போல, "பாத்தீங்களா, நான் இன்னா சொன்னேன், கறிச்சோறு பேசுதுன்னு சொன்னேனா இல்லியா" என்று குதித்தார்.

"நீ கொஞ்சம் இரு. நான் இன்னும் முடிக்கல" என்றேன். "அந்த நடுவரு என் புள்ள."

ரேடியோ கெட்டுப்போனது என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

"யம்மா, நெஜமாவா?" என்றார் நடத்துகிறவர்.

"பெத்தவ பொய் சொல்லுவாளா? நீங்க கம்பத்துல மைக்கு கட்டியிருந்தீங்க, எனக்குக் கேட்டுச்சி. அவன் மோளத்துக்கும் வெடிக்கும் நடுவுல நின்னுக்கினு இருந்தான், கேக்கல. ஆடுன புள்ள பல்லக் கடிச்சிக்கினு பாடுனான், ஒதடு அசையல. ஒதட்டப் பாத்து ஊதிட்டான். அது தப்பு. ஜெயிக்கவேண்டியது திருவெண்ணெய்நல்லூரு. ஆனா சோத்துக்கு ஊதறவன நான் பெக்கல. அவன் சம்பந்தி வூட்ல சாப்புட்டது மாப்பிள்ளைக்குப் போடற சோறு. அதப் பேசுன வாயெல்லாம் இனிமே பேசக்கூடாது."

"யம்மா, ஒங்க புள்ளைன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டேன்" என்றார் லாரிக்காரர். அவர் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை.

"தெரியாதவ புள்ளைய மட்டும் பேசலாமா தம்பி?" என்றேன்.

விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் கறிச்சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது உண்மை. விழா நடத்தினவர்கள் கோப்பையைத் திருவெண்ணெய்நல்லூருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் என்னைப் பார்த்து எழுந்து நின்றவர்களும் உண்டு, பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. கூட்டேரிப்பட்டில் சம்பந்தியம்மாவுக்கு மட்டும், தன் சோற்றுக்குச் சாட்சி சொன்னதால் என் மேல் கோபம் இல்லை. மற்றவர்களுக்கு எல்லாம் கோபம்.

மகன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவன். ஒரு ஞாயிறு பார்த்தேன், அடுத்த ஞாயிறும் பார்த்தேன். பிறகு நானே வறுத்த மல்லாட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். அவன் வண்டி வாசலில் நின்றது.

"இருக்கானா?"

"உள்ளதான் இருக்காரு அத்தை." உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "காபி போடறேன், குந்துங்க."

காபி குடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் தூங்கவில்லை. தூங்குகிறவன் மூச்சு எனக்குத் தெரியும். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவன் வராமல் போனால் அந்தப் பெண்ணின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு பையை வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மருமகள் கூட வந்தாள்.

"எந்த ஊரு கூப்ட்டாலும் போறதில்ல அத்தை. விசில தூக்கி அலமாரிக்குள்ள போட்டுட்டாரு. கறிச்சோறு சார்னு இப்ப யாரும் சொல்றதில்ல. அதுக்குப் பதிலா, அம்மா புள்ளன்றாங்களாம்."

"அவன் இன்னா சொல்றான்?"

"எங்கம்மாவுக்கு நான் முக்கியமில்ல, அவங்க காதுதான் முக்கியம்னு சொன்னாரு."

பஸ்ஸில் அந்தப் பேச்சுதான் கூடவே வந்தது. நான் மகனைக் காப்பாற்றத்தான் பேசினேன். அப்படித்தான் நினைத்துப் பேசினேன். ஆனால் 'நிக்கல தம்பி' என்று சொன்ன அந்த ஒரு நொடியில், ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிற நினைப்பு எனக்குள் இல்லாமலா இருந்தது? இருந்ததோ? இத்தனை வருஷம் தப்பே சொல்லாத வாய் என்று பேர் வாங்கிவிட்டு, அந்தப் பேரை விட மனசு வராமல் பேசினேனோ? ரேடியோவில் கேட்டால் அடுத்தவன் மூச்சை இந்த இடத்தில் அறுந்தது என்று சொல்லிவிடுவேன். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

மாசி மாசம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், பெண்ணையாற்றங்கரையில் போட்டி வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் மகன் வீட்டுக்கே போய், நீங்கள்தான் ஊதவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கூட வந்தவர்களில் லாரிக்காரரும் ஒருவராம். "எங்கம்மாவக் கேட்டுக்கினு வாங்க" என்றானாம் இவன். "அவங்கள ஏன் சார் கேக்கணும்? ஆடறது நாங்க, நாங்கதான் கூப்புடறோம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். மருமகள்தான் போனில் சொன்னாள். போவானா மாட்டானா என்று அவளுக்கும் தெரியவில்லை.

போயிருந்தான். நடத்துகிறவர் ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது, "விழுப்புரத்து வாத்தியாரு களத்துக்கு வந்துட்டாரு" என்றார். வேறு ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஆட்டம் போனது. திடீரென்று விசில் கேட்டது, ஆட்டம் நின்றுவிட்டது.

"நடுவரு ஆட்டத்த நிறுத்திட்டாரு. மோளக்காரங்கள அந்தாண்ட போவச் சொல்றாரு. மோளம் நிக்கற வரைக்கும் ஆட்டம் கெடையாதுன்றாரு."

கூட்டம் கத்தியது. ஜல்தி, ஜல்தி என்று ஒரு பக்கம் கூச்சல். அதற்கு நடுவில் மைக்குக்குக் கிட்டே இருந்த ஒருவன் குரல் பளிச்சென்று வந்தது: "நடுவரே, கெடாருக்குப் போன் போட்டுக் கேளு! ஒங்கம்மா சொல்லட்டும்!"

ஆற்றங்கரையே சிரித்தது. எவ்வளவு பேர் என்று தெரியாது, அவ்வளவு பெரிய சிரிப்பு. என் கை தன்னால் போனுக்குப் போனது. நம்பர் போட இப்போது எனக்கு யாரும் தேவையில்லை, தெரியும். அந்தக் கூட்டத்துக்குச் சொல்ல என்னிடம் வார்த்தையும் இருந்தது. போட்டிருந்தால் உடனே லைன் கொடுத்திருப்பார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கினது. மேளமும் நின்றது. மகன் விசில் ஊதினான், ஆட்டம் தொடர்ந்தது. யாரோ பாடிப் போனார்கள், யாரோ தொட்டார்கள். இரண்டு மூன்று தடவை அவன் அவுட்டு கொடுத்தான். அது சரியா தப்பா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு என் காது மூச்சில் இல்லை. ஒவ்வொரு விசிலுக்கும் அடுத்த விசில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் எடுக்கவில்லை. "கெடார் அம்மா லைன்ல இல்ல" என்று இரண்டு மூன்று வாரம் சொல்லிப் பார்த்தார், பிறகு சொல்வதை விட்டுவிட்டார். லாரிக்காரர் மட்டும் எப்போதாவது, "கேட்டுக்கினுதான் இருப்பாங்க" என்கிறார்.

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆறு மணி ஆனால் இன்றைக்கும் வீட்டில் வேறு சத்தம் கிடையாது. சனிக்கிழமை அவர் பாட்டைப் போடும்போது பதில் வாய் வரைக்கும் வருகிறது, மென்று விழுங்கிவிடுகிறேன். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன் என்பது மகனுக்குத் தெரிந்திருக்கும், அவனும் கேட்கிறவன்தானே. அவன் வருவதற்கு அது போதுமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன்.